அட்டையில் எழுதிய தேதி

பெரியோர்களே, தாய்மார்களே, நாயைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். நான் பேசி முடித்தால்தான் இந்த முகாமில் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி ஆரம்பமாகும் என்கிறார்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

இன்று ஜூலை 6. 1885-இல் இதே நாளில்தான் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநாயிடம் கடிபட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்குத் தன் வெறிநோய்த் தடுப்பு மருந்தை முதன்முதலாகப் போடவைத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். நம் பக்கத்துக்கு, 1907-இல் குன்னூரில் அவர் பெயரிலேயே, வெறிநோய்த் தடுப்பு மருந்துக்கான பாஸ்டர் நிலையம் வந்தது. அப்புறம் 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று நடுங்கிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து ஒழிந்துவிட்டது, இப்போது கையில்தான் ஊசி. பயம் மட்டும் ஒழியவில்லை. கடிவாயில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நோயின் அறிகுறி தெரிந்தபிறகு எந்த மருத்துவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 நாய் மூலம் வருவது. ஊரில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி விழுந்தால்தான் பரவல் அறும். வீட்டு நாய் மட்டும் போதாது. தெருநாய்க்குச் சோறு வைக்கிற அக்காமார்களே, உங்கள் கைக்குத்தான் அது அடங்கும். நீங்கள் பிடித்துக் கொடுங்கள்.

"குட்டிக்கு ஊசி போட்டும் பார்வோ வந்து ரத்தபேதியில் செத்துப்போச்சே, ஊசி போலிதானே?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. பார்வோ என்பது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய். எத்தனை ஊசி போட்டீர்கள் என்று கேட்டால், ஒன்று என்பார்கள். குட்டி குடித்த சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது குட்டியையும் காக்கும், நாம் போடும் மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். காசு பிடுங்க அல்ல. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஃபினாயிலுக்கு எளிதில் மசியாது. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஆசை ஆசையாய் விலை கொடுத்து வாங்குகிறவர்கள்கூட இரண்டாவது ஊசித் தேதியில் காணாமல் போய்விடுகிறார்கள்.

வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அடுத்தது ஒரு வருடம் கழித்து. அதற்குமேல் மருத்துவர் அட்டையில் எழுதித் தரும் தேதிப்படி.

பூனைக்காரர்கள்தான் இன்று குறைவு. 'வீட்டைவிட்டே போகாது' என்பீர்கள். ராத்திரி மதில்மேல் யார் நடக்கிறார்கள்? கடித்தால் பூனையும் வெறிநோயைத் தரும். பார்வோவின் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்று பூனைக்குட்டிகளைக் கொல்கிறது. வெளியே போகாத பூனைக்கும் அது உங்கள் செருப்பில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும்.

சரி, டாக்டர் கைகாட்டுகிறார். காய்ச்சல், வாந்தி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டதும் அரைமணி நேரம் இங்கேயே உட்காருங்கள், முகம் வீங்கினால் உடனே கூப்பிடுங்கள். கட்டைப்பையில் பூனை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், நாய்கள் குரைக்கக் குரைக்க அவை மிரளும்.