அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தல்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலிலிருந்து கோணம் போகும் பஸ்ஸில் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையப் பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் பயணம் செய்திருப்பீர்கள். அவர்களுடைய படிப்பின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது.

அப்போது பட்டறைகளுக்குக் கைதேர்ந்த ஆள் கிடைக்கவில்லை. 1941இல் தொடங்கிய பெவின் திட்டத்தில் நம் இளைஞர்கள் பிரிட்டிஷ் தொழிற்சாலைகளுக்கே பயிற்சிக்குப் போனார்கள். அமெரிக்காவில் வேலையில்லா இளைஞர்களுக்காக 1935இல் அமைந்த தேசிய இளைஞர் நிர்வாகம், போர் நெருங்கியதும் வெல்டிங்கும் லேத்தும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. போர் முடிந்ததும் படையிலிருந்து திரும்பியவர்களுக்கு இங்கே தொழில் பயிற்சி தேவைப்பட்டது. 1950இல் ஐ.டி.ஐ. திட்டம் வந்தது.

போர் நாட்களின் ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். ராணுவக் கருவிகளுக்கு லென்ஸ் தேய்ப்பவர்கள் போதவில்லை. அந்தத் தொழிலைப் பழக ஐந்து ஆண்டுகள் ஆகும் என்றார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் வேலையைப் படிப்படியாகப் பிரித்தார்கள், ஒவ்வொன்றையும் செய்து காட்டினார்கள், செய்ய வைத்தார்கள். சில மாதங்களில் ஆட்கள் தயாரானார்கள். மாணவன் கற்கவில்லை என்றால் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆம், ஆசிரியர் கற்பிக்கவில்லை!

ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன் நான். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கி அரம் போடுவான். நடுப்பகுதி மேடாகி, ஓரங்கள் தாழ்ந்துவிடும். மட்டம் பார்க்கும் கருவியான மூலமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இரு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். முகம் வாடிப்போவான். 'நேராகத் தள்ளு' என்று எத்தனை முறை சொல்லி என்ன பயன்? ஒருநாள் அவனுடைய இரு கைகளையும் என் கைகள்மேல் வைக்கச் சொல்லி அரத்தைத் தள்ளினேன். தொடக்கத்தில் அழுத்தம் இடக்கையில் இருக்கும். தள்ளத் தள்ள வலக்கைக்கு மாறும். "இப்போது புரிகிறது சார்" என்றான். அன்று மாலையே மூலமட்டத்தின் கீழ் வெளிச்சம் அடைபட்டது. வாயால் சொன்னது கைக்குப் போய்ச் சேர்வதில்லை, நேயர்களே. கைக்குக் கைதான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். போர்க்காலப் பட்டறைகளில் பெண்கள் வெல்டிங் செய்தார்கள். உங்கள் மகளுக்கும் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை வாங்கிக் கொடுங்கள். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பழகுநராகச் சேரலாம். அதை விசாரித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.