பத்து விநாடியின் விலை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்களை விடாமல் பார்த்துவரும் ரசிகன் என்ற ஒரே தகுதியில்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், தவறு யாருடையது என்று வாதிடுவதில் ரசிகர்களுக்குத் தனி ருசி உண்டு. எனக்கோ, தவறு இன்னாருடையது என்று முடிவான பிறகு அவருக்கு விதிக்கப்படும் தண்டனையைப் பற்றித்தான் நெடுநாளாக மனத்தாங்கல். தண்டனையை விநாடிகளால் அளப்பது பொருத்தமான அளவுகோல் அல்ல என்பது என் கட்சி.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஸ்டூவர்டுகள் எனப்படும் நடுவர் குழு ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டிலிருந்து அதில் முன்னாள் பந்தய ஓட்டுநர் ஒருவரும் அமர்கிறார். அவர்கள் ஐந்து விநாடி அல்லது பத்து விநாடி என்று விதித்தால், டயர் மாற்ற வரும் கார் அத்தனை விநாடிகள் யாரும் தொடாமல் நிற்க வேண்டும். அந்தக் கார் மறுபடி நிற்கவே இல்லையென்றால் மொத்த நேரத்தோடு அது கூட்டப்படும். செயலைத்தான் எடைபோடுவோம், விளைவை அல்ல என்பது நடுவர்களின் கொள்கை. அதில் எனக்குச் சண்டையில்லை. ஒரே தவறு ஒரு நாள் கீறலோடு போகும், மறுநாள் காரை நொறுக்கும். விளைவைப் பார்த்துத் தண்டித்தால் துரதிர்ஷ்டத்தைத் தண்டித்ததாகிவிடும். ஆனால் தண்டனையை விநாடியாக விதித்த அந்த நொடியே, அது யாரை எவ்வளவு பாதிக்கும் என்பது அதிர்ஷ்டத்தின் கைக்குப் போய்விடுகிறது.

லூயிஸ் ஹாமில்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில், தன்னை வெளிப்புறமாக முந்திக்கொண்டிருந்த அலெக்ஸ் ஆல்பனின் காரில் அவர் இடித்தார். ஐந்து விநாடி விதித்தார்கள். ஆபத்து நேரத்தில் எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் வந்து போனதால் எல்லாரும் நெருங்கி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இளைஞர் லாண்டோ நோரிஸ் கடைசிச் சுற்றில் அன்றைய பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டி, அந்த ஐந்து விநாடி இடைவெளிக்குள் மயிரிழையில் நுழைந்துவிட்டார். நோரிஸ் முதன்முறையாக வெற்றி மேடை ஏறினார், இரண்டாவதாக வந்த ஹாமில்டன் நான்காம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த ஆண்டு சில்வர்ஸ்டோனில், முதல் சுற்றிலேயே காப்ஸ் வளைவில் அவருடைய கார் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் பின்சக்கரத்தில் பட்டது. வெர்ஸ்டாப்பன் 51 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 51 மடங்கு விசையோடு தடுப்பில் மோதி மருத்துவமனைக்குப் போனார். இம்முறை விதித்தது பத்து விநாடி, அதாவது இருமடங்கு. அதையும் கழித்துவிட்டு, பந்தயம் முடியச் சொற்பச் சுற்றுகளே இருந்தபோது சார்ல் லெக்லேரை முந்தி ஹாமில்டனே வென்றார். சிறிய தண்டனை இரண்டு இடங்களைப் பறித்தது, பெரிய தண்டனை ஒரு இடத்தைக்கூடப் பறிக்கவில்லை. ஒரே அபராதத் தொகை கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் சாப்பாடு, வசதியுள்ளவருக்கு வெறும் சில்லறை என்பதைப் போலத்தான் இதுவும்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது. 2012ஆம் ஆண்டு மலேசியாவின் செபாங்கில், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், களத்திலேயே மிக மெதுவான கார்களில் ஒன்றான ஹெச்ஆர்டியை ஓட்டினார். பெருமழைக்கான டயர்களோடு கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய அவர், மழை வலுத்துப் பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பந்தயம் மீண்டும் தொடங்கிய பின் ஜென்சன் பட்டன் அவர்மேல் இடித்துத் தன் முன்னிறக்கையை உடைத்துக்கொண்டார். தவறு தன்னுடையதே என்று பட்டன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். பிறகு நான்காவதாக ஓடிய செபாஸ்டியன் வெட்டல், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த நரேனைக் கடந்து செல்கையில் உரசி, பின்டயர் கிழிந்து, ஒரு புள்ளிகூட இல்லாமல் பதினொன்றாவதாக முடித்தார். கோபத்தில் அவர் நரேனை வெள்ளரிக்காய் என்று திட்ட, நரேன் அவரை அழுகிற குழந்தை என்று திருப்பிச் சொல்ல, அந்த வாரம் முழுவதும் அதே பேச்சு. நடுவர்கள் பந்தயத்துக்குப் பிறகு நரேனின் நேரத்தில் 20 விநாடிகளைக் கூட்டினார்கள்.

பின்தங்கியவர் வழிவிட வேண்டும் என்பது விதிதான். வழிவிட்டவர் மாயமாக மறைந்துபோக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஓடுபாதையில் உலர்ந்த பகுதி குறுகலாக இருந்த அன்றைக்கு, வெட்டல் சற்றுப் பொறுத்துத் திரும்பியிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஊர்ப்பாசம் என்பீர்கள், இருக்கட்டும். நரேனுடைய தவறே என்று வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே பட்டியலின் அடியில் இருந்தவருக்கு அந்த 20 விநாடிகள் எந்த வகையில் தண்டனை? வெட்டல் இழந்ததில் அது எதைத் திருப்பித் தந்தது?

ஆகவேதான் தண்டனையை இடங்களால் அளக்க வேண்டும் என்கிறேன். முறையற்று ஓர் இடத்தைப் பெற்றவர், அல்லது காப்பாற்றிக்கொண்டவர், அதைக் களத்திலேயே உடனே விட்டுக்கொடுக்கட்டும். 2019ஆம் ஆண்டு மான்ட்ரியலில் அதே வெட்டல் முன்னணியில் இருந்தபோது, 48ஆவது சுற்றில் புல்தரையில் சறுக்கிப் பாதைக்குத் திரும்பிய வேகத்தில் பின்னால் வந்த ஹாமில்டனைச் சுவரோரம் நெருக்கிவிட்டார். ஹாமில்டனை முன்னே விடுங்கள் என்று அப்போதே சொல்லியிருந்தால், மீதிச் சுற்றுகளில் வெட்டல் துரத்துவதைப் பார்த்திருப்போம். மாறாக ஐந்து விநாடி விதித்தார்கள். அதன் பின் ஹாமில்டன் முந்தவே வேண்டியதில்லை, ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். வெட்டல் முதலில் கோட்டைக் கடந்தும் இரண்டாமவரானார். கார்கள் நிற்குமிடத்துக்கு நடந்து வந்து, ஒன்று, இரண்டு என்று எழுதிய பலகைகளை இடம் மாற்றி வைத்தார். அந்தப் பலகையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வீணாய்ப்போன கடைசி இருபது சுற்றுகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

2025ஆம் ஆண்டு பார்சிலோனாவில் இடத்தை விட்டுக்கொடுக்கப் போய்த்தானே மோதல் வந்தது என்று விவரமறிந்த நேயர்கள் கேட்கலாம். அங்கே நடுவர்கள் ஒன்றும் சொல்லாத நிலையில், தண்டனை வருமோ என்ற அச்சத்தில் வெர்ஸ்டாப்பனின் அணியே ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடத்தைக் கொடுக்கச் சொன்னது. வேகத்தைக் குறைத்த வெர்ஸ்டாப்பன் மறுபடி முடுக்கி அவர்மேல் இடித்தார். பத்து விநாடியால் ஐந்தாமிடத்திலிருந்து பத்தாமிடத்துக்கு இறங்கினார். அணிகள் ஊகித்து நடப்பதும் நடுவர்கள் ஆணையிடுவதும் ஒன்றல்ல. எதிரியின் கார் உடைந்து இடத்தைத் திருப்பித் தர வழியில்லாதபோது, இறுதிப் பட்டியலில் இத்தனை இடம் கீழே என்று இறக்கலாம். கடைசியில் ஓடுபவரை அடுத்த பந்தயத்தின் தொடக்க வரிசையில் இறக்கலாம்.

ஓட்டுநர் உரிமத்தில் சேரும் தண்டனைப் புள்ளிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. பன்னிரண்டு மாதங்களில் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை என்ற முறை 2014இல் வந்தது. அதில் முதலில் சிக்கியவர் கெவின் மேக்னஸன். 2024இல் மான்சாவில் பியர் கேஸ்லியோடு ஏற்பட்ட ஓர் உரசலால் கணக்கு நிரம்பி, அடுத்து அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பந்தயத்தை இழந்தார். அதற்கு இவ்வளவு தண்டனையா என்று இடிபட்ட கேஸ்லியே வியந்தார். சிறு உரசல்களைக் கூட்டிக் கூட்டி ஒரு பந்தயத்தையே பறிக்கும் இந்தக் கணக்கும் எனக்கு உவப்பில்லை. அதற்கான காரணங்களை இந்நிலையத்தார் இன்னொரு முறை அழைத்தால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.