ஒற்றை வரிசையில் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பீட்டர் அக்ரேயின் குழுவினர் தவளை முட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு புரதத்தை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வைச் சில முட்டைகளுக்குள் செலுத்தி, எல்லாவற்றையும் உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். செலுத்திய முட்டைகள் மளமளவென்று உப்பி வெடித்தன. மற்றவை அப்படியே கிடந்தன. 1992-இல் வெளியான அந்த முடிவிலிருந்துதான் செல்லுக்குள் தண்ணீர் போகும் கதவு எதுவென்று தெரிந்தது. அக்வாபோரின் என்பது அதன் பெயர். அக்ரேக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கதவின் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 0.28 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு நீர் மூலக்கூறின் அகலமும் அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடுக்கில் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீராக இருப்பதில்லை. டம்ளரில் ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கோடு கைகோத்து நிற்கும். 0 டிகிரியில் உறைவதெல்லாம் அந்தக் கூட்டத்தின் குணம். இடுக்கிலோ முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவே துணை.

கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்களான கார்பன் நானோகுழாய்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சுவர் நீரைப் பிடித்து இழுக்காததால், 2 நானோமீட்டருக்கும் குறுகிய குழாய்களில், வழக்கமான கணக்கைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக நீர் ஓடியதாக 2006-இல் அளந்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழுவினர் 1.05 நானோமீட்டர் குழாயில், 105 டிகிரிக்கு மேலும் நீர் உறைந்து நிற்கக் கண்டார்கள். அதைப் பனிக்கட்டி என்று சொல்ல அவர்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் என்னை அசரவைப்பது அக்வாபோரின்தான். நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை விடுகிறது. ஆனால் ஒரு புரோட்டானைக்கூட, அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன் அணுக்கருவைக்கூட, விடுவதில்லை. கிணற்றடியில் குடத்தைக் கைமாற்றுவதுபோல, வரிசையாக நிற்கும் நீர் மூலக்கூறுகள் புரோட்டானைக் கடத்திவிடக்கூடியவை. அப்படிக் கடந்தால் செல்லின் அமிலச் சமநிலை குலையும். இந்தக் கதவின் நடுவில் இரண்டு அமினோ அமிலங்கள் மூலக்கூறைத் தம் பக்கம் திருப்பி நிறுத்துகின்றன. ஒரு பாதி வரிசை ஒரு திசையைப் பார்க்கும், மறுபாதி எதிர்த்திசையை. கைமாற்று அங்கே அறுந்துவிடும். புரதத்தின் நேர்மின்புலமும் புரோட்டானைத் தள்ளிவிடும்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றிரண்டு லிட்டர். மீதியில் பெரும்பகுதி இந்தக் கதவுகள் வழியே, ஒவ்வொரு மூலக்கூறாக, ரத்தத்துக்குத் திரும்புகிறது. வெயிலில் அலைந்து நாக்கு வறண்டால் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே சிறுநீரகச் செல்களின் உள்ளே ஒதுங்கியிருக்கும் கதவுகள் மேற்பரப்புக்கு வந்து பொருந்திக்கொள்ளும்.