நட்சத்திரச் சின்னத்துக்கு என்ன ஆச்சு?

எல்லோருக்கும் வணக்கம். நட்சத்திரச் சின்னத்தில் நின்ற, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியைப் பற்றிப் பேசச் சொன்னபோது, "யார் வந்து கேட்பார்கள்?" என்றுதான் கேட்டேன். பரவாயில்லை, முன்வரிசை நிறைந்திருக்கிறது.

என் அப்பா மாவு மில் வைத்திருந்தார். அதற்கு வருஷா வருஷம் 'டி அண்ட் ஓ' லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கான லைசென்ஸ் அது! மிளகாய் அரைத்தால் தும்மல் வரும், அதைத் தாண்டி என்ன அபாயம் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மார்ச் பிறந்தால் மில்லை அம்மாவிடம் விட்டுவிட்டு, மஞ்சள் பையில் பழைய ரசீதுகளோடு கிளம்பிவிடுவார். "சார் சாப்பிடப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்று பதில் வரும். அதனால் ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சொன்னதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு, நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. உழுகிறவன் வரப்பில் அரசாங்கம் எதற்கு என்று கேட்டு, அந்த வருஷமே ராஜாஜி புதுக் கட்சி கண்டார். அப்போது அவருக்கு வயது 80. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி போன்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அரசைக் குறைக்க வந்த கட்சியில் பழைய அரசர்களுக்குக் குறைவில்லை!

ராஜாஜி வெறும் வாயால் பேசியவர் அல்ல. 1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே உத்தரவில் எடுத்தவர். பஞ்சம் வந்துவிடும் என்று பயந்தார்கள். வரவில்லை. அந்தத் துணிச்சல்தான் கட்சிக்கு மூலதனம் என்பது என் கணிப்பு.

சரி, ஓட்டு? 1962இல் நம் சட்டமன்றத்தில் 6 இடம். இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவே மூன்றாவதாக நிற்பவனிடம், "உனக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடாதா?" என்றுதான் ஜனங்கள் கேட்பார்கள். 1967இல் தி.மு.க.வோடு சேர்ந்தார்கள், 20 இடம் கிடைத்தது. மக்களவையில் 44 இடத்தோடு அதுதான் பெரிய எதிர்க்கட்சி. ஆனால் அந்தக் கூட்டணி மேடையில் ஓங்கி ஒலித்தது எது? 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.' அரிசி விலையில் அரசு தலையிடக் கூடாது என்ற கட்சிக்காரர்கள் அதே மேடையில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள். வேறென்ன செய்ய முடியும்? 1971இல் இன்னும் வேடிக்கை. எந்தக் காமராஜரோடு ராஜாஜி காலமெல்லாம் மல்லுக்கு நின்றாரோ, அவரோடே கூட்டு. கிடைத்தது 6 இடம். 1962க்கே திரும்பி வந்தாயிற்று.

தோல்விக்குக் கூட்டணி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 'அரசு விலகி நிற்கட்டும்' என்று சொல்கிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு விதிவிலக்கு இருக்கும். என் அப்பாவுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் எதிரே இன்னொரு மில் வந்தபோது, "இதை யாரும் கேட்க மாட்டார்களா?" என்று அதே ஆபீஸுக்குத்தான் போனார். ராஜாஜிக்கு விதிவிலக்கு மது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தவர் அவர். அதில் போன வருமானத்தை ஈடுகட்ட, நாட்டிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி போட்டதும் அவர்தான், 1939இல். நம் கடை பில்லில் வரி என்று ஒரு வரி ஏறியது அப்படித்தான்.

1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கை விலக்கப் போகிறது என்றதும், அந்த 92 வயதுக்காரர் முதலமைச்சர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசு கை வைக்காதே என்று 12 வருஷம் பேசியவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையை எடுக்காதே என்றார். கருணாநிதி கேட்கவில்லை. அடுத்த வருஷம் ராஜாஜி காலமானார். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

டீ வர இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.