தழும்பு ஆறிய பிறகு

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, விடியற்காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமார்களே, எல்லாருக்கும் மேலாக, நெஞ்சில் தழும்போடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பிள்ளைகளே, வணக்கம்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பார் என் அப்பா. சின்ன வயதில் இதய ஆபரேஷன் செய்துகொண்டு வளர்ந்த இந்தப் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், தொடர் சிகிச்சை என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் மகளுக்குச் சின்ன வயதில் உதடும் நகமும் நாவல்பழம் தின்றமாதிரி இருக்கும். நாலடி நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். 'எழுந்து நடடி' என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும், பிள்ளை தானே கண்டுபிடித்த வைத்தியம் அது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. ஒரே இதயத்தில் நான்கு கோளாறுகள். டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்றார்கள். 1944இல் அமெரிக்காவின் பால்டிமோரில் குழந்தை இதய டாக்டர் ஹெலன் டாசிக், அறுவை டாக்டர் பிளாலாக், அவருடைய உதவியாளர் விவியன் தாமஸ் மூவரும் இத்தகைய நீலக் குழந்தைகளுக்கு வழி திறந்தார்கள். 1954இல் லில்லஹை என்ற அறுவை டாக்டர் இதயத்துக்குள்ளேயே பழுதைச் சரிசெய்தார். அவர்கள் வைத்த மரத்தின் நிழலில்தான் என் மகளுக்கு ஐந்து வயதில் ஆபரேஷன் நடந்தது. அன்று ராத்திரி அவள் அம்மா டியூப்லைட் வெளிச்சத்தில் பிள்ளையின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜா நிறம்.

குணமாகிவிட்டது என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். எவ்வளவு ஓடலாம் என்று டாக்டரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தொரு வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இருந்த குறுகலை அன்று ஆபரேஷனில் வெட்டி அகலப்படுத்திய இடத்தில் நுரையீரல் வால்வு கசிந்து, இதயத்தின் வலது கீழறை வருஷக்கணக்கில் பெருத்திருக்கிறது. சத்தமில்லாமல் நடக்கிற காரியம். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். குழந்தைகள் பிரிவில் வயது தாண்டிவிட்டது என்றார்கள். பெரியவர்கள் பிரிவில் பழைய ஃபைல் எங்கே என்றார்கள். ஃபைலைக் கரையான் தின்றிருந்தது.

ஐயா, 2013இல் வந்த மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. பத்தொன்பதில் இதயம் புதிதாகிவிடுமா? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? மாதத்தில் ஒரு நாள், அரசு மருத்துவமனையில் இவர்களுக்கென்று தனி ஓ.பி. வேண்டும். ஆளுக்கொரு கையேடு வேண்டும்: என்ன ஆபரேஷன், எந்த வால்வு, கடைசி எக்கோ எப்போது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. கர்ப்பம் தரிக்குமுன் இதய டாக்டரைப் பாருங்கள், பல் பிடுங்குமுன் தழும்பைப் பற்றிச் சொல்லுங்கள், இந்த இரண்டை மட்டும் மறக்காதீர்கள்.

மாதிரிக் கையேட்டை நாங்களே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறோம், பன்னிரண்டு பக்கம். முதல் பக்கம் என் மகள் கையெழுத்து. வாம்மா, மேடைக்கு வா, கலெக்டர் ஐயாவிடம் நீயே கொடு.