குழந்தை அழுதது

வணக்கம் நேயர்களே. பல்கலைக்கழகத்தில் மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று படிக்கச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் முதல் வாரத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மொழியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். அதனால் என் பேச்சு மொழியியல் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் மாணவர்கள் ஒரு புகார் சொல்வார்கள். "புதிதாக ஒன்றும் சொல்லித்தரவில்லை சார், தெரிந்ததையே குழப்பிவிடுகிறார்கள்." அந்தப் புகார் நூற்றுக்கு நூறு சரி. அந்த வாரத்தில் நாங்கள் செய்ய நினைப்பதே அதைத்தான்.

முதல் வகுப்பில் நான் கடல், தங்கம், பகல் என்று மூன்று சொற்களைப் பலகையில் எழுதி உரக்கச் சொல்லச் சொல்வேன். நீங்களும் சொல்லிப் பார்க்கலாம், பக்கத்தில் யாரும் இல்லையென்றால். மூன்றிலும் ககரம் இருக்கிறது. ஆனால் கடலில் வருவது வல்லென்று வருகிறது, தங்கத்தில் வருவது குழைந்து அதிர்கிறது, பகலில் வருவது பலர் வாயில் கிட்டத்தட்ட 'ஹ' ஆகிவிடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. எந்த இடத்தில் எது வரும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்ல, தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனி இயலே இருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த பிள்ளைகள்கூட, தன் நாக்கு எங்கே போய்ப் படுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. அன்றைக்குத்தான் கவனிப்பார்கள். வகுப்பு முழுக்க வாயை அசைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ!

புதிய மொழி வகுப்பில் குழப்பம் வேறு மாதிரி. நான் மாணவனாக இருந்தபோது முதல் வாரமே ஜெர்மன் வகுப்பு. முந்தின வருடம் வரை மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவன், "என் பெயர் இன்னது" என்று சொல்லவே திணறினேன். அந்தக் கூச்சம் பெரிய தடை. பிழை செய்துவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்தான் பின்தங்கிப் போகிறார்கள், உளறுகிறவர்கள் தேறிவிடுகிறார்கள்.

அந்த வகுப்பில் மேசை ஆண்பால் என்றார்கள். பிரெஞ்சு படித்த நண்பன், அங்கே மேசை பெண்பால் என்றான். சரி, போகட்டும் என்று விட்டோம். அப்புறம் 'மேட்ஷென்' என்று ஒரு சொல் வந்தது. சிறுமி என்று பொருள். அது ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, மூன்றாவது பால். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டில் குழந்தை அழுதால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். "குழந்தை அழுதது" என்றோம். "அழுதான் இல்லையா? அழுதாள் இல்லையா?"

யாரும் வாய் திறக்கவில்லை. 'ஷென்' என்பது சிறியது என்று காட்டும் விகுதி, அது ஒட்டினால் எந்தச் சொல்லும் அந்த மூன்றாவது பாலுக்குப் போய்விடும் என்று பிறகு விளக்கினார். அந்த விளக்கம் ஜெர்மனுக்குப் போதும். ஆனால் என் மனம் குழந்தையிடமே நின்றுவிட்டது. உயர்திணை, அஃறிணை என்று அவ்வளவு கறாராகப் பிரித்து வைத்திருக்கும் மொழி, குழந்தையை ஏன் 'அது' என்கிறது?

வரலாற்று வகுப்பிலும் இதே கதைதான். அரசன் வென்றான் என்று மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் பகுதி, சொன்னால், அதை வெட்டச் சொன்னது யார் என்று கேட்பார்கள். தத்துவத்தில், சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை, நாம் படிப்பதெல்லாம் பிளேட்டோவும் மற்றவர்களும் எழுதியது என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

குறிப்பு எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நவீன மொழியியலுக்கு அடித்தளமிட்டவர் என்று சொல்லப்படும் சசூர், ஜெனிவாவில் 1907 முதல் 1911 வரை பொது மொழியியலை மூன்று முறை நடத்தினார். புத்தகமாக எழுதவில்லை. 1913இல் இறந்துபோனார். அவருடைய சக ஆசிரியர்கள் இருவர், அந்த வகுப்புகளில் உட்காராதவர்கள், மாணவர்களின் நோட்டுகளை வாங்கி ஒட்டுப்போட்டு 1916இல் நூலாக்கினார்கள். ஒரு துறையே மாணவர் நோட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. அதனால் நோட்டை லேசாக நினைக்காதீர்கள். ஆனால் ஆசிரியர் சொல்வதை அப்படியே படியெடுக்கவும் வேண்டாம். உங்களுக்கு உறுத்தியதை எழுதுங்கள், அன்று மாலையே ஒருமுறை புரட்டுங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து, 1885இல் எழுதினார்: மறதி முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, அதன்பின் மெதுவாகத்தான் நடக்கிறது.

என் முதல் வார நோட்டு இன்னும் இருக்கிறது. ஜெர்மன் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "குழந்தை அழுதது, ஏன்?" என்று எழுதியிருக்கிறேன். ஆசிரியை அதற்குப் பக்கத்தில் சரி என்று ஒரு குறி போட்டிருக்கிறார். விடை எழுதவில்லை.