பரு மாத்திரையை நிறுத்தும் தேதி

வணக்கம். இன்று விளக்கை வழக்கத்தைவிடச் சற்று அருகில் வைத்திருக்கிறேன். இடது தாடையோரம் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? பருக்கள் விட்டுப்போன வடுக்கள் அவை. இந்தக் கன்னத்துக்காக நான் விழுங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

“அக்கா, டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன், முகம் தெளிந்தது. நிறுத்தியதும் பரு திரும்பிவிட்டது. மறுபடி வாங்கிச் சாப்பிடலாமா?” உங்களில் எத்தனையோ பேர் எனக்கு இப்படி எழுதுகிறீர்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனது பதறுகிறது. ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். பழைய மருந்துச் சீட்டையே காட்டிக் காட்டி வாங்கி, 10 மாதம் சாப்பிட்டேன். விட்ட சில வாரங்களில், விட்ட இடத்திலேயே மீண்டும் வந்து நின்றன பருக்கள்.

அதன் பிறகு பார்த்த தோல் மருத்துவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி: “மாத்திரையோடு சேர்த்து என்ன தடவினீர்கள்?” எதுவுமில்லை என்றேன். “அப்படியானால் பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது” என்றார்.

அவர் விளக்கியதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். பரு வருவதற்கு நான்கு காரியங்கள் கைகோக்க வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் சுரப்பி எண்ணெயை அதிகமாகச் சுரக்கிறது. இறந்த செல்கள் மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. கடைசியாக உடல் அதை எதிர்க்கப் புறப்பட்டு, அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. மாத்திரை பின்னிரண்டில் மட்டுமே கை வைக்கிறது. பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், வீக்கத்தைத் தணிக்கும். எண்ணெயும் அடைப்பும் இருந்தபடியே இருக்கும். பிறகு நிறுத்தினால் திரும்பாமல் என்ன செய்யும்?

அதனால்தான் கூடவே தடவும் மருந்து வேண்டும். அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) அடைப்பை விலக்குகிறது. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது, ஆனால் ஆன்டிபயாடிக் கொல்லும் விதத்தில் அல்ல. ஆக்சிஜனேற்றத்தால் தாக்குவதால், அதற்கு எதிராகப் பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை. (துணியை வெளுக்கச் செய்யும் மருந்து அது. என் நீலத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் வெள்ளையாகிவிட்டது. வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

பழகிக்கொள்வது என்றேனே, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அதுதான். விழுங்கும் மாத்திரைக்குக் கன்னம் எது, குடல் எது என்று தெரியாது. உடல் முழுக்கப் போகிறது. மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால், அதைத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் தொண்டையிலும் குடலிலும் தோலிலும் மிஞ்சுகின்றன. நாளை நிஜமான ஒரு தொற்று வரும்போது மருந்து கேட்காமல் போகலாம். அதனால்தான் தோல் மருத்துவர்கள் பொதுவாக 3 முதல் 4 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாகத் தருவதையும் தவிர்க்கிறார்கள். அதே சமயம் பத்து நாளில் முகம் மாறவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம்.

விழுங்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் இரவு டாக்ஸிசைக்ளினை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டேன். நள்ளிரவில் நெஞ்சுக்கு நடுவில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்து விழித்தேன். அடுத்த மூன்று நாள் எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருக்கிறது. ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். விழுங்கிய பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளும் இது உடலில் சேர்வதைத் தடுக்கும். சில மணி நேர இடைவெளி விடுங்கள். வெயிலில் தோல் சட்டென்று கன்றிப்போகும், சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.

டாக்ஸிசைக்ளின் வகையையே சேர்ந்த மினோசைக்ளின் என்ற மாத்திரை சிலருக்குத் தலைசுற்றலைத் தருகிறது. நீண்ட நாள் எடுத்தால் தோலில் நீலச்சாம்பல் நிறம் படியக்கூடும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்த வகை மாத்திரைகளைப் பருவுக்குத் தரமாட்டார்கள். வளரும் பற்களில் கறை விழும். கடுமையான பருவுக்கு விழுங்கத் தரும் இன்னொரு மருந்தான ஐசோட்ரெட்டினாயினோடு இந்த வகை மாத்திரைகளைச் சேர்த்து எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. இந்த மாத்திரையைத் தனியாக எடுக்கும்போதும் கடுமையான தலைவலி, பார்வை மங்கல் என்று வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீட்டில் தம்பிக்கோ தோழிக்கோ மிச்சமிருக்கும் அட்டையைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீங்கிச் சிவந்த, சிலருக்கு மார்பு, முதுகு வரை பரவும் பருக்களுக்கான மருந்து இது. மூக்கின் மேல் நாலைந்து கரும்புள்ளிகளுக்கு இதில் வேலையே இல்லை.

இதோ, “என்ன தடவினீர்கள்?” என்று கேட்ட அந்தத் தோல் மருத்துவர் எழுதிய சீட்டு. பெயர்களை மறைத்திருக்கிறேன். கீழே பாருங்கள், ஆரம்பித்த நாளிலேயே நிறுத்த வேண்டிய தேதியையும் எழுதி வட்டமிட்டிருக்கிறார். சரியாக 12 வாரம். அந்தத் தேதியில் கடைசி மாத்திரையை விழுங்கினேன். அடாபலீனை இன்னும் விடவில்லை. இரவில், முகம் கழுவி ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் தடவுகிறேன். இன்றும் இந்தக் கேமராவை அணைத்ததும் அதைத்தான் செய்யப்போகிறேன்.